கிறிஸ்துமஸுக்கு முன் பிள்ளைகளோடு கைவேலை: பினாங்கு அம்மா அப்பாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தீபாவளி முறுக்கு டின் காலியாவதற்குள் பிள்ளைகள் அடுத்த பண்டிகையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கிறிஸ்துமஸ் கைவேலை என்று தேடினால் கிடைப்பதெல்லாம் குளிர்நாட்டுக்காரர்களின் யோசனைகள்: பைன் காய், கம்பளி நூல், சன்னலோரத்தில் தானாகக் காய்ந்துவிடும் மாவுப் பொம்மை. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில், மழை மாதத்தில், மூன்று வயதும் ஆறு வயதுமாக இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யும்போது கதை வேறு. தேவாலய வாசலிலும் பாலர் பள்ளி வாசலிலும் மற்றவர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கோலாலம்பூர்க்காரர்களுக்கும் இது உதவும். ஈரக்காற்று இரண்டு ஊருக்கும் பொதுதானே.

எப்போது ஆரம்பிப்பது?

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு வசதியான நாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதலாவது அது. எந்த ஆண்டானாலும் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில்தான் வரும். 2026ல் நவம்பர் 29. அதற்கு முன்பே ஆரம்பித்தால் சின்னப் பிள்ளைகள் "நாளைக்கா? நாளைக்கா?" என்று உயிரை எடுத்துவிடுவார்கள்.

இந்த நச்சரிப்பு புதிதல்ல. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திவந்த யோஹான் ஹின்ரிஹ் விஹெர்ன் என்ற லூத்தரன் போதகரும் இதில் மாட்டிக்கொண்டவர்தான். இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டதால், 1839ல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் சொன்னார். வார நாளுக்குச் சின்னது, ஞாயிற்றுக்குப் பெரியது. இப்போது பீடத்துக்கு அருகில் நான்கு மெழுகுவர்த்திகளோடு வைக்கிறோமே, அந்த வளையம் அதிலிருந்து வந்தது.

எங்கள் வீட்டு வளையத்தில் நெருப்பே கிடையாது. டாய்லட் ரோல் குழல் நான்கு. மூன்றுக்கு ஊதாத் தாள், ஒன்றுக்கு இளஞ்சிவப்பு. இளஞ்சிவப்பு மூன்றாம் ஞாயிற்றுக்கு உரியது. மணிலா அட்டையில் வெட்டிய வட்டத்தில் நிற்க வைத்துவிட்டு, மஞ்சள் தாளில் சுடர் வடிவம் வெட்டித் தனியே எடுத்துவைத்துவிடுவோம். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சுடரை ஒட்டுவது சின்னவளின் வேலை. அதற்காகவே அன்று சீக்கிரம் எழுந்துவிடுவாள்.

கடையில் என்னென்ன வாங்க வேண்டும்?

முதலில் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். மலேசிய வீடு என்றால் எங்காவது ஒரு மூலையில் அங்பாவ் உறைகள், பண்டிகைக்குக் காசு வைத்துக் கொடுப்பவை, கட்டுக்கட்டாகக் கிடக்கும். சீனப் பெருநாளுக்கு வந்தவை சிவப்பு. நோன்புப் பெருநாளுக்கு வந்தவை பெரும்பாலும் பச்சை. தீபாவளிக்கு வந்தவை ஊதா, மஞ்சள், ஆரஞ்சு. சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. ஊதா திருவருகைக் காலத்தின் நிறம். வங்கியும் பேரங்காடியும் சும்மா கொடுத்த தாள், தங்கப் பூச்சு வேலைப்பாடு வேறு. காசு கொடுத்து வாங்கும் கைவேலைத் தாளில் பாதி இவ்வளவு நன்றாக இருக்காது.

வெட்டுவதற்கு முன் உறைகளை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். லட்சுமி, பிள்ளையார் படம் போட்டவை, பள்ளிவாசல் படமோ அரபு எழுத்தோ உள்ளவை, இவற்றை எடுத்துத் தனியே வையுங்கள். பிள்ளை கத்தரிக்கோலோடு எங்கே வெட்டும் என்று யாருக்கும் தெரியாது. யார் மனமும் புண்பட வேண்டாம். பூ, மீன், விளக்கு, கெத்துப்பாட் (ஓலையில் பின்னும் சோற்றுப் பொட்டலம்) படங்கள் தாராளமாகப் போதும்.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். வெள்ளைப் பசை, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், மணிலா அட்டை, மரத் துணிக் கிளிப், நுனி மழுங்கிய கத்தரிக்கோல். இடக்கைப் பிள்ளை இருந்தால் இடக்கைக் கத்தரிக்கோலே வாங்குங்கள். சாதாரணக் கத்தரிக்கோல் இடக்கையில் தாளை வெட்டாமல் மடக்கும். பிள்ளை தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துவிடும்.

அங்பாவ் உறையில் நட்சத்திரம் செய்வது எப்படி?

இது பெரியவர்கள் மடித்து, பிள்ளைகள் ஒட்டும் வேலை. ஆறு வயதுப் பிள்ளை மடிப்பையும் கற்றுக்கொள்ளும்.

உறையின் ஒட்டுகளைப் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் சதுரங்கள் நான்கு வெட்டலாம். உறைக்கு உறை அளவு மாறும். எல்லாச் சதுரமும் ஒரே அளவில் இருந்தால் போதும். ஒரு நட்சத்திரத்துக்கு எட்டுச் சதுரம், அதாவது சிவப்பு உறை ஒன்று, பச்சை உறை ஒன்று. ஒரு சதுரத்தை மூலைக்கு மூலை மடித்துப் பிரியுங்கள். நடுவில் ஒரு கோடு விழுந்திருக்கும். ஒரே மூலையில் சேரும் இரண்டு ஓரங்களையும் அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்தால் பட்டம் மாதிரி ஒரு வடிவம் வரும். ஒரு முனை கூராகவும் எதிர்முனை அகலமாகவும் இருக்கும். எட்டையும் இப்படி மடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அகல முனை நடுவிலும் கூர் முனை வெளியிலும் வருகிற மாதிரி ஒட்ட வேண்டும். இரண்டாவது துண்டின் ஓரம் முதல் துண்டின் நடுக்கோட்டில் உட்கார வேண்டும், மூன்றாவதன் ஓரம் இரண்டாவதன் நடுக்கோட்டில். இப்படியே போய், எட்டாவது துண்டை முதலாவதற்கு அடியில் செருகினால் வட்டம் மூடிக்கொள்ளும். சிவப்பு, பச்சை என்று மாற்றி மாற்றி வைப்பதா, நாலு சிவப்பை முதலில் முடித்துவிடுவதா என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள்.

பளபளப்பான தங்கத் தாளில் வெள்ளைப் பசை பிடிக்காது. உரிந்து வந்துவிடும். அதற்குத்தான் அந்த இரு பக்க டேப்.

வேறு என்ன செய்யலாம் உறைகளை வைத்து?

24 உறை, ஒரு கயிறு, 24 துணிக் கிளிப். டிசம்பர் 1லிருந்து நாளுக்கு ஒன்றைத் திறக்கலாம். உள்ளே மிட்டாய் வைத்தால் எறும்பு முதலில் திறந்துவிடும். நான் ஒரு சின்னச் சீட்டு வைக்கிறேன்: "இன்றைக்குப் பாட்டிக்குப் போன் பண்ணிப் பாட்டுப் பாடு", "அப்பாவோடு அடிவாரச் சந்தைக்குப் போய்ப் பட்டை வாங்கி வா", "இன்றைக்குக் குளிக்கும்போது தண்ணீரில் எது மிதக்கும் என்று பார்". படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படம் வரைந்தால் போதும். ஏதாவது ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டு திறக்கலாம். ஒன்றும் குடி முழுகிவிடாது.

மூன்று வயதுப் பிள்ளையால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

கிழிக்க முடியும். ஒட்ட முடியும். விரலில் சாயம் தொட்டு வைக்க முடியும். பத்து நிமிடம் உட்கார முடியும், நல்ல நாளாக இருந்தால் கால் மணி நேரம். அவ்வளவுதான், அதுவே நிறைய.

நான்கு வயதில் கத்தரிக்கோலால் சின்னச் சின்னதாக நறுக்க வரும். கோட்டின் மேல் வெட்ட வராது. ஐந்து, ஆறு வயதில் மடிப்பும் தாள் பின்னலும் வரும். ரிப்பனில் கெத்துப்பாட் பின்னி மரத்தில் தொங்கவிடுவது அழகாக இருக்கும். சிவப்பும் பச்சையுமாக நோன்புப் பெருநாளுக்கு விற்கிற அதே ரிப்பன்தான். ஆனால் அதை எட்டு வயதுக்குக் கீழே எதிர்பார்க்காதீர்கள். பெரியவர்களுக்கே விரல் சிக்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டு மலாய் அக்காவிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுப்பார்.

பிள்ளை கோணலாக ஒட்டினால் நான் சரிசெய்யலாமா?

வேண்டாம். தூங்கின பிறகும் வேண்டாம்! காலையில் எழுந்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பாலர் பள்ளி ஆண்டிறுதி விழாவில் மாட்டியிருக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா முகங்களைப் பாருங்கள். முப்பது தாத்தா, முப்பதுக்கும் ஒரே தாடி, ஒரே மூக்கு. ஆசிரியை வெட்டித் தந்ததைப் பிள்ளை ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். விழாவுக்கு அது சரி. வீட்டிலும் அப்படியே செய்வானேன்? கண் கன்னத்தில் இருந்தால் இருக்கட்டும். நட்சத்திரத்துக்கு ஆறரை முனை இருந்தால் இருக்கட்டும். மரத்தின் கீழ்ப் பாதியில் மட்டும் அலங்காரம் குவிந்து கிடந்தால் அந்த வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம், வருகிறவர்களுக்குப் புரியும்.

வேலை செய்வதற்கு முன் நீங்கள் ஒரு மாதிரி செய்து காட்டினால் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு வராது, நீயே செய்" என்று தள்ளிவிடும். அதனால் மாதிரி செய்யாதீர்கள். பொருளை எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுடையதை நீங்கள் செய்யுங்கள்.

உப்பு மாவில் செய்த பொம்மை நமத்துப்போனதுபோல் ஆகிவிடுகிறதே?

ஆகும். இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, முக்காலிலிருந்து ஒரு கப் தண்ணீர் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு. கேக் சுடும் அவனில் 100லிருந்து 120 பாகை செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் கல்லாகக் காயும். வெளியே எடுத்ததும் பிரச்சினை ஆரம்பிக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டிசம்பர் மழையில் மேசை உப்பு ஜாடிக்குள்ளேயே கட்டியாகிறதல்லவா, அதே கதை. மொறுமொறுவென்று இருந்த நட்சத்திரம் சில நாளில் வியர்த்து, தொங்கவிட்ட ஓட்டை கிழிந்து கீழே விழும். செய்தே ஆக வேண்டும் என்றால் அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். நன்றாகக் காய்ந்து ஆறின உடனே, முன்னும் பின்னும் ஓட்டைக்குள்ளும் பெரியவர்கள் வார்னிஷ் பூசிவிட வேண்டும்.

பச்சை மாவைப் பிள்ளை தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு உப்பு பிள்ளைக்கும் ஆகாது, வீட்டு நாய்க்கும் ஆகாது.

எங்கள் ஊர்க் காற்றுக்குச் சோடா மாவு தேவலை. இரண்டு கப் சமையல் சோடா, ஒரு கப் சோளமாவு, ஒன்றேகால் கப் தண்ணீர். பேக்கிங் பவுடர் அல்ல, சமையல் சோடா. அடுப்பில் சின்னத் தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தால் திடீரென்று திரண்டு வரும். ஈரத் துணி போட்டு மூடி ஆறவிட்டு, சப்பாத்தி மாதிரித் தேய்த்து, பிஸ்கட் அச்சில் வெட்டலாம். அவன் இருந்தால் 80 பாகையில் ஒரு மணி நேரம், திருப்பிப் போட்டு. இல்லையென்றால் விசிறிக்கு அடியில் ஓரிரு நாள். வெள்ளை வெளேரென்று வரும். சாயமே தேவையில்லை.

சாயம் வேண்டும் என்று அடம்பிடித்தால்?

சமையலறையிலேயே இருக்கிறது. சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம். பினாங்கு நியோன்யா பலகாரங்களுக்கு நிறம் கொடுக்கும் அதே பூ. மஞ்சள் தூள் போடுங்கள் என்று நான் சொல்லும்போது நட்சத்திரம் மஞ்சளாக வரும் என்று எல்லாரும் நினைப்பார்கள். சோடா மாவில் மஞ்சள் தூளைக் கலந்தால் அது ஆரஞ்சும் செங்கல் நிறமுமாக மாறும். சோடாவுக்குக் காரத்தன்மை உண்டு, மஞ்சளுக்குக் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பது இதனால்தான். பாட்டி பக்கத்தில் இருந்தால் இரண்டையும் ஒன்றாகவே செய்து காட்டச் சொல்லுங்கள். அன்றைக்கு நட்சத்திரம் செய்வது நின்றுபோகும், பரவாயில்லை.

பசை காயவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

நிறைய ஊற்றாதீர்கள். பிள்ளை கையில் பாட்டிலைக் கொடுக்காமல் மூடியில் கொஞ்சம் ஊற்றி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் தொடச் சொல்லுங்கள். ஒட்டினதைக் குக்கீஸ் தட்டில் பரப்பி விசிறிக்கு அடியில் வையுங்கள். பறக்காமலிருக்கத் துணிக் கிளிப் போடலாம். கேக் சுட்டு முடித்த அவனை அணைத்துவிட்டு, சூடு தணிந்து வெதுவெதுப்பான பிறகு அதற்குள் வைத்தாலும் ஆகும்.

வீட்டில் காய்ச்சும் மைதாப் பசை நல்லதுதான். பழையவர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். பிள்ளைகள் தொடும் பசையில் அது கூடவே கூடாது, விஷம்.

ஆரஞ்சுப் பழத்தில் கிராம்பு குத்தித் தொங்கவிடுவது இங்கே சரிப்படுமா?

முழுப் பழத்தில் சரிப்படாது. குளிர்நாட்டில் அது மெல்லக் காய்ந்து சுருங்கும். இங்கே பூசணம் பிடிக்கும். மெல்லிய வட்டமாக நறுக்கி அவனில் 90, 100 பாகையில் மூன்று நான்கு மணி நேரம் காயவைத்தால் கண்ணாடி மாதிரி வரும். கிறிஸ்துமஸ் வரை மூடின டப்பாவில் வைத்திருந்து கடைசி நேரத்தில் மாட்டுங்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது மசாலாக் கட்டு. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார் பக்கம் போனால் பட்டை, அன்னாசிப்பூ, கிராம்பு எல்லாம் நிறுத்து வாங்கலாம். பட்டைக் குச்சி மூன்றைச் சிவப்பு நூலால் கட்டி நடுவில் ஓர் அன்னாசிப்பூவை ஒட்டினால் முடிந்தது. அன்னாசிப்பூ தானே நட்சத்திரம், வெட்ட வேண்டியதில்லை. பண்டிகை முடிந்தால் பிரியாணியில் போட்டுவிடலாம் என்பார் என் மாமியார். பசை தொட்டதைப் போடக் கூடாது என்று நான் சொல்வேன். நூலால் மட்டும் கட்டினதை அவர் எடுத்துக்கொள்வார்.

பைன் காய்க்கு எங்கே போவது?

கடற்கரைக்கு. தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கிப் பக்கமெல்லாம் நிற்கிற சவுக்கு மரம், மலாயில் ரூ என்பார்களே, அதன் காய் சின்னப் பைன் காய் மாதிரியே இருக்கும். விரல் நுனி அளவு. மரத்துக்குக் கீழே கொட்டிக் கிடக்கும், பறிக்கவே வேண்டாம். ஒரு பையோடு பிள்ளைகளை இறக்கிவிட்டால் உங்களுக்கு அரை மணி நேரம் கிடைக்கும். வீட்டுக்கு வந்ததும் கழுவி, மிதமான சூட்டில் அவனில் வைத்து எடுங்கள். உள்ளே பூச்சி இருக்கலாம். தாவரவியல் பூங்காவில் பொறுக்கக் கிளம்பாதீர்கள். அங்கே எதையும் எடுத்துவரக் கூடாது, அதற்கு மேல் குரங்கு உங்கள் பையைப் பொறுக்கிவிடும்.

சிவப்பு விதைகளில் கவனம். சாகா மரத்தடியில் பிள்ளைகள் பொறுக்கும் மஞ்சாடி விதை முழுச் சிவப்பு. குன்றிமணி சிவப்பில் ஒரு கறுப்புப் பொட்டோடு இருக்கும், அது கடும் விஷம். கறுப்புப் பொட்டு இருந்தால் தொடாதே என்று பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். முழுச் சிவப்பாக இருந்தாலும் மூன்று வயதுக்குக் கீழே எந்த விதையும் மணியும் வேண்டாம். டாய்லட் ரோல் குழலுக்குள் நுழையும் எதுவும் சின்னப் பிள்ளையின் தொண்டையில் சிக்கலாம் என்பது எளிய அளவுகோல். சவுக்குக் காயும் நுழையும், அதனால் அதைப் பெரியவன் ஒட்டட்டும்.

விளக்கு போடலாமா? தாள் நட்சத்திரத்துக்குள் பல்பு வைக்கலாமா?

எல்இடி மட்டும். பழைய குண்டு பல்பு சூடாகும், தாள் கருகும். மின்சாரத்தில் போடும் விளக்குச் சரத்தில் சிரிம் என்ற மலேசியத் தரச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வாசல் கிரிலில் தொங்கவிட்டால் மழைச் சாரல் படாத பக்கமாகத் தொங்கவிடுங்கள்.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். மினுக் மினுக்கென்று எரியும் சின்ன மின் மெழுகுவர்த்திகள் பலவற்றில் வட்ட பொத்தான் பேட்டரி இருக்கும். பிள்ளை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். திருகு ஆணி போட்டு மூடும் மாதிரியை மட்டும் வாங்குங்கள். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

இன்னொன்று: பிளாஸ்டிக் போத்தலை வெட்டி விளக்குக் கூடு செய்து பால்கனியில் மாட்டுகிறவர்கள், அடியில் ஓட்டை போடுங்கள். தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு குடிவந்துவிடும்.

குடிலை வீட்டிலேயே செய்ய முடியுமா?

தாராளமாக. காலணிப் பெட்டி போதும். மைலோ டின்னைப் படுக்கவைத்தாலும் குகை மாதிரி இருக்கும், ஆனால் விளிம்பு கையைக் கிழிக்கும், டேப் ஒட்டுங்கள். வைக்கோலுக்குச் செல்லப்பிராணிக் கடையில் முயலுக்கு விற்கும் காய்ந்த புல். மாதா, சூசையப்பர், இடையர்கள் எல்லாரும் மரத் துணிக் கிளிப். பழைய சேலைத் துண்டைச் சுற்றினால் உடை. முகம் வரைவது பிள்ளை. குழந்தை இயேசுவை மட்டும் 24ஆம் தேதி இரவுவரை எங்காவது ஒளித்துவைப்போம். எங்கே ஒளித்தோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடிலில் என்னென்ன இருக்கலாம் என்று சண்டை வரும். மாடும் கழுதையும் கட்டாயம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நற்செய்தியைப் படித்துப் பார்த்தால் பிறப்புக் கதையில் தீவனத் தொட்டி இருக்கிறது, மாடும் இல்லை கழுதையும் இல்லை. ஞானிகள் மூன்று பேர் என்றும் மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை. 1223ல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் பிறப்புக் காட்சியை அமைத்தபோது நிஜ மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் அந்த ஊரில் இருந்ததை வைத்தார் என்றால், நம் பிள்ளை கோழியையும் எருமையையும் வைக்கலாம். எங்கள் குடில் வாசலில் இப்போது ஒரு மண்வாரி இயந்திரம் நிற்கிறது. வழி சரியில்லையாம், இடையர்கள் வருவதற்குச் சாலை போடுகிறதாம்.

நாங்கள் இந்துக் குடும்பம். பிள்ளை பாலர் பள்ளியில் பார்த்துவிட்டு வீட்டிலும் கேட்கிறது. செய்யலாமா?

நட்சத்திரம், தாள் சங்கிலி, வாழ்த்து அட்டை செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம். கிறிஸ்தவச் சொந்தம் உள்ள தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. சித்தி வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ திறந்த இல்ல விருந்துக்குப் போகும்போது பிள்ளை தன் கையால் செய்ததைக் கொடுக்கட்டும். வெறுங்கையோடு போக வேண்டாம் என்பதும் ஆச்சு. தீபாவளிக் கோலத்தில் மிஞ்சின வண்ண அரிசியை அட்டை நட்சத்திரத்தில் ஒட்டிக் கொடுத்தால் இரண்டு பண்டிகையும் ஒரே அட்டையில் வந்துவிடும். குடில் வைப்பதா என்பது உங்கள் வீட்டு முடிவு, அதில் நான் தலையிடமாட்டேன்.

முஸ்லிம் நண்பர்களுக்குப் பலகாரம் கொடுக்கிறீர்கள் என்றால் மது சேர்க்காத கேக், ஹலால் பொருள். இதைச் சொல்ல வேண்டியதே இல்லை, ஆனாலும் பழக்கேக்கில் ரம் ஊற்றினதை யாராவது மறந்துவிடுவார்கள்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். பாலத்து நெரிசலைத் தாண்டி வீடு சேர ஏழு ஆகிறது. எங்கே நேரம்?

வார நாளில் கைவேலை என்று உட்காராதீர்கள். ஒரு தட்டில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துவைத்து, சோறு வேகும் நேரத்தில் முடிகிற ஒன்றைக் கொடுங்கள்: பத்து வளையம் தாள் சங்கிலி, ஒரு வாழ்த்து அட்டைக்குக் கைரேகைப் பூ. சனிக்கிழமை பெரிய வேலை. தாத்தா பாட்டி பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் அவர்களிடமே விடுங்கள். தென்னை ஓலை கிடைத்தால் கிளியும் தோரணமும் அவர்கள் விரலிலேயே இருக்கிறது. ஓலை சில நாளில் பழுப்பாகிவிடும், அதை மட்டும் 23ஆம் தேதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளித் தவணை 2026லிருந்து மறுபடி ஜனவரியில் தொடங்குவதால் பெரிய பிள்ளைகளுக்கு ஆண்டிறுதி விடுமுறை டிசம்பரோடு சேர்ந்துகொண்டது. அக்கா அண்ணன்களைப் பிடித்துப்போடுங்கள்.

ஒரு டிசம்பர் முழுக்க ஒரே ஒரு நட்சத்திரம்தான் செய்தோம் என்றாலும் அது போதும். பட்டியல் போட்டு முடிக்கிற வேலை அல்ல இது.

பஞ்சில் பனி? கிளிட்டர்?

பஞ்சு விளக்குக்குப் பக்கத்தில் வேண்டாம், சட்டென்று பற்றும். கிளிட்டர் எங்கள் வீட்டில் தடை. அடுத்த தீபாவளிக்கும் சோபாவில் மின்னும், கழுவினால் கடலுக்குப் போகும்.

பண்டிகை முடிந்ததும் இவற்றை எப்படி வைப்பது?

அரிசி, மக்ரோனி, மைதாப் பசை சேர்த்தவற்றைப் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். எறும்பும் வண்டும் கரப்பானும் அவற்றை அடுத்த ஆண்டுவரை விட்டுவைக்காது. தாள் நட்சத்திரங்களையும் சோடா மாவுப் பொம்மைகளையும் ஒரு வெயில் நாளில் எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, இறுக்கி மூடும் டப்பாவில் காலணிப் பெட்டிகளில் வருகிற சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். டப்பா பிள்ளைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். பாச்சை உருண்டை போடாதீர்கள். ஜி6பிடி என்ற ரத்த நொதிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது. மலேசியாவில் பிறந்ததும் இந்தப் பரிசோதனை செய்துவிடுவார்கள், உங்கள் பிள்ளையின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். உங்கள் பிள்ளைக்கு இல்லாவிட்டாலும் வீட்டுக்கு விளையாட வருகிற பிள்ளைக்கு இருக்கலாம். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் பெயரும் ஆண்டும் எழுதிவிடுங்கள். இரண்டு பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். அடுத்த டிசம்பரில் எது யாருடையது என்று வரும் வழக்கை உங்களால் தீர்க்க முடியாது.